‘இந்தா’ என்றால் திரும்பி வரும் சிட்டு!

சாத்தூர் பக்கத்துச் சொந்தக்காரர் கொடுத்த சிப்பிப்பாறைக் குட்டிதான் எங்கள் சிட்டு. இரண்டு மாதக் குட்டியாக மாப்பிள்ளையூரணிக்கு வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. ‘‘சோறு போடலையா, விலா எலும்பு தெரியுதே?’’ என்று கேட்காதவர் இல்லை. அந்த இனத்தின் உடல்வாகே அப்படித்தான்.

விருதுநகர் மாவட்டத்து சிப்பிப்பாறை கிராமத்தின் பெயர்கொண்ட இந்த நாய்கள், முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், கால் பறக்கும். நாம் கூப்பிடுவது காதில் விழாது. நான்கு மாதத்திலேயே சிட்டு ஆடு, காகம், சைக்கிள் என எதையும் விடவில்லை. தெரு முனையிலோ உப்பு லாரிகள் போகும் சாலை. என் பயமே அதுதான்.

ஒருநாள் கூப்பிடக் கூப்பிட ஓடிவிட்டு, அரைமணி நேரம் கழித்து வாலாட்டியபடி வந்தது. ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். ‘‘அப்படித்தான் தாயி, அடிச்சாத்தான் அடங்கும்’’ என்றார் மாமா. மறுநாளிலிருந்து ‘சிட்டு’ என்றாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. ஓடியதற்காக நான் அடித்தேன். திரும்பி வந்ததற்கு அடி என்று அது புரிந்துகொண்டது.

தடுப்பூசிக்குப் போனபோது கால்நடை மருத்துவரிடம் சொன்னேன். ‘‘கூப்பிட வேற வார்த்தை வைங்க. வந்த நொடியே வாயில ஏதாவது கொடுங்க. எவ்வளவு தாமதமா வந்தாலும் திட்டாதீங்க’’ என்றார்.

‘இந்தா’ என்ற வார்த்தையைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் கருவாடு கொடுத்தேன். உப்பு அதிகம், தண்ணீராகக் குடித்துத் தள்ளியது. பிறகு உப்பில்லாமல் அவித்த நெத்திலி, முள் நீக்கி, நிலக்கடலை அளவுதான். பெரிய துண்டு கொடுத்தால் சீக்கிரம் வயிறு நிறைந்து ஆர்வம் போய்விடும். ஒருநாள் தீனியில் இது பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், அதற்கேற்பச் சோற்றைக் குறைத்தேன். நம்மூர் மக்ரூனைப் பிள்ளைகள் நீட்டினாலும் தடுத்துவிடுவேன், அத்தனையும் சர்க்கரை. சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு விஷம்.

அடுப்படியில் மூன்றடி தூரம், பிறகு முற்றம், பிறகு நீளக் கயிறு கட்டித் தெரு. தினமும் ஐந்து நிமிடம்தான். பயம் தெளியவே இரண்டு மாதம் ஆனது.

போன மாதம் ஒரு சாயங்காலம். கதவு திறந்திருந்தது. ஓர் ஆடு சாலைப் பக்கம் ஓட, சிட்டு அம்பாகப் பாய்ந்தது. ‘‘இந்தா!’’ என்று கத்தினேன். பாதி வழியில் நின்றது. ஆட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. சட்டென்று திரும்பி ஓடி வந்தது. கையில் நெத்திலி இல்லை. அடுப்படிக்கு ஓடி, ஒரு கை நிறைய அள்ளிக்கொடுத்தேன்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், இப்போதெல்லாம் அவர் சட்டையைத் துவைக்கும்போது பையில் மீன் வாசனை வருகிறது!