கல்லும் பல்லும்

‘சர்வதேச விஞ்ஞான ஒத்துழைப்பு’ என்று பேப்பரில் தலைப்பு பார்த்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட், கூடங்குளத்து ரஷ்ய ரியாக்டர், கோட்டு போட்ட நாலு பேர் கை குலுக்குகிற போட்டோ. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு சத்தியமாக வராது. சென்னையில் ராத்திரி பஸ் ஏறினால் அந்த ஊரைக் குறட்டையிலேயே தாண்டிவிடுகிறோம். ஒரு தடவை பகலில் போய் இறங்குங்கள். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் தவிர இன்னொரு விளைச்சலும் அந்தப் பக்கம் உண்டு. கல்!

முதலில் சாத்தனூர். (திங்கள், வெள்ளி வேண்டாம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திறக்கிற நாள். பஸ்ஸில் ஒற்றைக் காலில்தான் நிற்க வேண்டும்.) பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் சாவகாசமாகப் படுத்திருக்கிறது. பார்த்தால் மரம். ஆனால் அத்தனையும் கல். டைனோசர் காலத்தில் இந்தப் பகுதி கடல். அடித்துக்கொண்டு வந்த மரம் கடலடி மண்ணில் புதைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிவிட்டது. 1940-ல் இதைக் கண்டு சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1851-ல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு, சரியாக நூறு வருஷம் கழித்து 1951-ல், முதல் இந்திய டைரக்டர் ஆனவர்.

அடுத்து காரை. ஊருக்கு வெளியே செம்மண்ணும் மஞ்சள் மண்ணுமாகப் பூமி தாறுமாறாக வெடித்துக் கிடக்கிறது. குனிந்து நடந்தால் துப்பாக்கித் தோட்டா மாதிரி நீளக் கல். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான பிராணியின் உள்ளோடு. இன்னும் அதிர்ஷ்டம் இருந்தால் கைமுறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டு ஒன்று. அதுதான் அம்மோனைட். டைனோசரோடு சேர்ந்து பூண்டற்றுப் போன கடல் ஜீவன்.

இந்த முறுக்குகளின் வரலாற்றில்தான் நம்ம கதை இருக்கிறது. 1840-களில் கே, கன்லிஃப் என்று இரண்டு இங்கிலீஷ்காரர்கள் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரத்தில் இந்தக் கல்லைப் பொறுக்கினார்கள். லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அதைப் பற்றி எழுதினார். பிறகு பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளைத் தேடி அலைந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று கோஷ்டியாகப் பிரித்துப் பேர் வைத்தார். ஊட்டத்தூர் பேரிலேயே ஓர் அம்மோனைட் இருக்கிறது: ‘ஊட்டட்டூரிசெராஸ்’. உள்ளூர்க்காரருக்கே வாயில் நுழையாது.

இவர்களில் என் மனசைத் தொட்டவர் ஸ்டாலிச்கா. இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். 1862-ல் கல்கத்தா ஆபீஸில் சேர்ந்து, பத்து வருஷம் நம்ம ஊர்ச் சிப்பியையும் நத்தையையும் முறுக்கையும் ஒவ்வொன்றாகப் படம் போட்டு, நாலு தடித் தடிப் புத்தகம் எழுதினார். யார்க்கண்டு பயணம் போய்த் திரும்பும் வழியில் 1874-ல் லடாக்கில் மூச்சுத் திணறி இறந்தார். வயசு 36. லே நகரத்தில் கல்லறை. அவர் எழுதிய கல்லெல்லாம் இன்றும் கல்கத்தாவில் இருப்பதால், அந்தக் கால அம்மோனைட்டைப் பற்றி எந்த நாட்டுக்காரர் ஆராய்ந்தாலும் நம்ம வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

நான் பி.காம். கல்லைப் பற்றித் தெரியாது. பார்ட்னர்ஷிப் சட்டம் கொஞ்சம் தெரியும். முதலைப் போட்டுவிட்டுக் கணக்குப் பக்கமே வராதவனுக்கு ‘ஸ்லீப்பிங் பார்ட்னர்’ என்று பேர். ஃபோர்ப்ஸ் காலத்தில் கல் நம்முடையது, பேனா அவர்களுடையது. நாம் தூங்கின கூட்டாளி. அடிமை நாடு, வேறென்ன செய்ய முடியும், விடுங்கள். சுதந்திரத்துக்கு அப்புறம் நடந்த ஒரு விஷயம்தான் வயிற்றெரிச்சல்.

அதற்கு அரியலூர் மாவட்டத்துக்குள் போக வேண்டும். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே வெள்ளைப் புழுதியில் குளித்தபடிதான் போக முடியும். அந்தச் சுண்ணாம்புக் கல்லும் பழைய கடலின் சொத்துதான். சிப்பிகளை அரைத்துத்தான் உங்கள் வீட்டுக்கு ரூஃப் போட்டிருக்கிறீர்கள். (சுரங்கக்காரர் வெட்டுவதால்தான் பல படிமம் வெளியே வருகிறது, அரைப்பதால்தான் பல காணாமல் போகிறது. யாரைத் திட்டுவது?)

அங்கே கல்லமேடு என்று ஒரு ஊர். 1980-களில் புவியியல் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர். அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற ராட்சசன் அர்ஜென்டினோசாரஸுக்கு அதே எலும்பு ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். ‘ப்ருஹத்காயோசாரஸ்’ என்று பேர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரன். ஆனால் வெயிலிலும் மழையிலும் உளுத்துப்போன எலும்பு, மேலே கட்டு போட்டும் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் உள்ளேயே நொறுங்க ஆரம்பித்துவிட்டது. இன்று ஒரு துண்டுகூட இல்லை. ‘அது எலும்பே இல்லை, கல்லான மரம்’ என்று வெளிநாட்டில் சிலர் சந்தேகப்பட்டபோது, எடுத்துக் காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை. 2022-ல் பழைய போட்டோக்களைத் தேடி எடுத்துப் பிரசுரம் செய்தார் அய்யாசாமி, பால் என்பவரோடு சேர்ந்து. மறு வருஷம் இரண்டு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் 110 முதல் 130 டன் இருந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். பூமியில் நடந்ததிலேயே பெரிய மிருகமாக இருக்கலாம். ‘லாம்’தான். வவுச்சர் தொலைந்த செலவை எந்த ஆடிட்டர் ஒப்புவார்?

அதே கல்லமேட்டில் இன்னொரு கதை. டெல்லிப் பல்கலைக்கழகத்து ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, தண்ணீரில் அலசிச் சலித்து, மிச்சத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு குட்டிப் பல் மாட்டியது. லண்டன் அஞ்சலி கோஸ்வாமி, நியூயார்க் ஜான் ஃபிளின் எல்லாரும் சேர்ந்து பார்த்து, ட்ரூடான்டிட் என்கிற டைனோசர் பல் என்றார்கள். வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த வகை, கடல் நடுவே தனியாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு எப்படி வந்தது? 2013-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ பத்திரிகை அதை வெளியிட்டது. நூறு டன் எலும்பு தராத மரியாதையை ஒரு பல் வாங்கித் தந்தது. பல் பத்திரமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“வருவாங்க சார். மண்ணைக் கட்டிக்கிட்டுப் போவாங்க. இந்த மண்ணுல என்னதான் சார் இருக்குது?”

பல் கதையைச் சொன்னேன். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

“அப்ப இதை ஏன் சார் எங்ககிட்ட யாருமே சொல்லலே?”

வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடுவதற்கு முன் இவரோடு ஒன்று போட்டால் தேவலை என்று தோன்றியது. மழை முடிந்ததும் மேடெல்லாம் கரைந்து புதுசாக ஏதாவது தலைநீட்டும். முதலில் பார்க்கப்போவது ஆடு மேய்க்கிற பையன்தான், ஆக்ஸ்ஃபோர்டு புரொபசர் இல்லை.

நீங்கள் போவதானால் தை மாசம் போங்கள். வாரணவாசியில் படிம மியூசியம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டால் எது முறுக்கு, எது வெறும் கல் என்று கண் பழகும். காரையில் ஒன்று கிடைத்தால் போட்டோ எடுங்கள், பையில் போடாதீர்கள். பக்கத்திலே பேனாவோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்து எடுத்தால், அளவு தெரியும்.