ஜன்னலைத் திறந்தால் 'டுப்... டுப்... டுப்!' - இருங்காட்டுக்கோட்டை சாலையில் காதை அடைக்கும் காற்று

சனிக்கிழமை அதிகாலையில் பூந்தமல்லியைத் தாண்டிவிட்டால், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை கொஞ்சம் மூச்சு விடும். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றின் முன்னால் ஏ.சி எல்லாம் எம்மாத்திரம்? ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பிய குடும்பத்தில், "ஏ.சி-யை நிறுத்துப்பா, இந்தக் காத்தே போதும்" என்று பாட்டி சொல்வது பெரும்பாலும் இங்கேதான்.

சொன்னதோடு, பின் சீட்டில் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கிவிடுகிறார். தண்டலத்தைக் கடந்து வேகம் 70-ஐத் தொடும்போது ஆரம்பிக்கிறது அந்தச் சத்தம். டுப்... டுப்... டுப்! தலைக்கு மேல் ஹெலிகாப்டர் நிற்பதுபோல் இருக்கிறது. காது அடைக்கிறது. மடியில் தூங்கிய குழந்தை வீறிட்டு அழுகிறது. "டயர் போச்சா?" என்று பதறி மகன் காரை ஓரங்கட்டுகிறார். இறங்கி நாலு டயரையும் உதைத்துப் பார்த்தால், எல்லாமே கல்லு மாதிரி இருக்கின்றன!

கார் நன்றாகத்தான் இருக்கிறது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்களும் கன்டெய்னர் லாரிகளும் விரைகிற இருங்காட்டுக்கோட்டைச் சாலை ஓரத்தில், இல்லாத பஞ்சரைத் தேடிக் குனிந்து நிற்பதுதான் ஆபத்து.

ஆட்டோமொபைல்காரர்கள் இந்தச் சத்தத்தை 'விண்ட் பஃபெட்டிங்' என்கிறார்கள். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூ...ம்' என்று ஒலிக்குமே, அதே சங்கதிதான். கார்தான் பாட்டில், திறந்த ஜன்னல் அதன் வாய். ஜன்னலின் முன்விளிம்பில் காற்று சின்னச் சின்னச் சுழல்களாக உடைந்து, பின்விளிம்பில் வரிசையாக வந்து மோதுகிறது. ஒவ்வொரு மோதலுக்கும் உள்ளே அடைபட்ட காற்று அமுங்கி விரிகிறது. மோதும் தாளமும் உள்காற்றின் தாளமும் ஒன்றாகிவிட்டால், வண்டியே அதிரும். ஒலியைப் பற்றி 1863-ல் பெரிய நூல் எழுதிய ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் இந்த ஒத்ததிர்வை அழைக்கிறார்கள்.

பாட்டில் சின்னது, அதனால் சத்தம் காதுக்கு இதமாகக் கேட்கிறது. கார் பெரியது. அதன் தாளம் நொடிக்கு 20 அதிர்வுகளை ஒட்டியே இருக்கும். மனிதக் காதுக்கு எட்டும் கீழ் எல்லையே அதுதான். அதனால் பாதி சத்தமாகக் கேட்கிறது, மீதி அழுத்தமாக நெஞ்சிலும் காதுச் சவ்விலும் அடிக்கிறது. அளவெடுத்தால் 100 டெசிபலைத் தாண்டுவதும் உண்டு. குழந்தை அழாமல் என்ன செய்யும்?

முன் ஜன்னலைத் திறந்தால் இவ்வளவு தொல்லை இருப்பதில்லை. அங்கே சைடு மிரரும் கண்ணாடித் தூணும் காற்றைக் கலைத்துவிடுகின்றன. பின் ஜன்னலுக்கு வரும் காற்று ஒழுங்காக வருகிறது. ஒழுங்காக வருவதுதான் வம்பு! சன்ரூஃப் உள்ள கார்களில் கூரையைத் திறந்ததும் முன்னால் ஒரு சின்னத் தடுப்பு எழும்புவதைக் கவனித்திருக்கலாம். அதன் வேலையும் சுழலைக் கலைப்பதுதான்.

அந்தக் காலத்து அம்பாசிடர், ஃபியட்டில் முன்கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருந்தது. கதவு இடுக்குகளிலும் தாராளமாகக் காற்று கசியும். இன்றைய கார்கள் ரப்பர் பட்டையால் இறுக்கி மூடப்பட்டவை. தூசியும் இரைச்சலும் உள்ளே வராது. ஆனால், மூடி கெட்டியான பாட்டில்தானே நன்றாக ஒலிக்கும்! 1998-ல் சான்ட்ரோ வெளிவந்த ஹூண்டாய் ஆலை இருப்பது இதே இருங்காட்டுக்கோட்டையில். ஒரகடம் வரை நீளும் இந்த வட்டாரம் முழுக்க கார், லாரி, டயர் என்று ஆலைகள். ஆனாலும் இந்தச் சத்தம் எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமல்ல, பெட்டி மாதிரி மூடிய எல்லா காருக்கும் பொது.

இதே ஊரில்தான் 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் வந்தது. அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. டிராக்கில் பறக்கும் ஃபார்முலா கார்களுக்குக் கூரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. எனவே பாட்டில் பிரச்னையும் இல்லை. அங்கே காற்று நேராக ஹெல்மெட்டில்தான் அறையும்.

சரி, பாட்டிக்கு என்ன வழி? கண்ணாடியை ஏற்றச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பக்க முன் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினால் போதும். கடம் வித்வான் பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் நாதத்தை மாற்றுவதைப் பார்த்திருப்போம். அதேபோல் இன்னொரு வாய் திறந்ததும் அழுத்தம் வழிந்தோடி, தாளம் கலைந்துவிடும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பலன் உண்டு.

முக்கியமாக, இந்த இரைச்சலோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. பின்னால் வரும் லாரியின் ஹாரன் இதில் அமுங்கிப்போகலாம். தினமும் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றி, டீசல் மிச்சம் பிடிக்க ஜன்னலைத் திறந்தே ஓட்டும் கேப் டிரைவர்களின் காதுக்கும் தலைக்கும் இது சோர்வு. ஒற்றை ஜன்னல் அருகே கைக்குழந்தையைப் படுக்க வைப்பதும் வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூருக்குள் நுழைந்ததும் ஷேர் ஆட்டோ, கம்பெனி பஸ், டீக்கடைக் கூட்டம். வேகம் 30-க்கு இறங்கும். சத்தம் தானாக நின்றிருக்கும். குழந்தை மறுபடி தூங்கிவிட்டது. பாட்டி கண்ணாடியை முழுக்க இறக்கி, கோபுரம் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்.