இரவு ஷிப்ட் முடிந்து வந்த இருவர்

கிள்ளானில் ஓர் அரசாங்க கிளினிக். மாமியாரின் இனிப்புநீர் மாத்திரைக்காக நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். "நொம்போர் சத்து கோசோங் தூஜோ, கவுண்டர் டுவா" என்று ஒலிபெருக்கி மலாயில் கூப்பிடுகிறது. ஒரு சீனத் தாத்தா அவசரமே இல்லாமல் எழுந்து போகிறார். ஒரு வெள்ளி கட்டணத்துக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் அவசரப்பட்டு ஆகப்போவது என்ன?

எதிர் வரிசையில் இரண்டு பெண்கள். இருவருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, மார்பில் கையுறைத் தொழிற்சாலையின் முத்திரை. ஒருவர் தூடோங் அணிந்த மலாய்க்காரர். மற்றவர் தமிழர், ஐம்பதை ஒட்டிய வயது, வியர்வையில் பாதி அழிந்த பொட்டு. இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார்கள் போல. நாற்காலிக் கையில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் தே தாரிக் தொங்குகிறது. உறிஞ்சுவதும் கண் செருகுவதுமாக இருக்கிறார்கள்.

தாதி வந்து பக்கத்தில் உட்காருகிறார். நின்றபடி பேசவில்லை என்பதைக் கவனித்தேன்.

"பசியாறியாச்சாக்கா? போன தடவை சொன்னேனே, கர்ப்பப்பை வாய் டெஸ்ட். இன்னிக்கு எடுத்துக்கலாமா?"

"எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே மிஸ்ஸி."

"ஒண்ணும் செய்யாதப்ப எடுக்கிறதுதான்க்கா இது. அந்தக் கிருமி வருசக்கணக்கா சத்தமில்லாம இருக்கும்."

"மகளுக்கு இஸ்கூல்லயே ஊசி போட்டுட்டாங்களே."

"அது அவளுக்கு. உங்களுக்கு யாரு போட்டா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் அந்த எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசி, மலேசியாவில் 13 வயது மாணவிகளுக்கு 2010இல்தான் தொடங்கியது. மகளுக்கு ஊசியாவது கிடைத்தது, அம்மாவின் தலைமுறைக்குப் பரிசோதனைதான் வழி. சிரிப்பு அடங்கியதும் அக்கா குரலைத் தாழ்த்தி அசல் கேள்வியைக் கேட்டார்: "ஆம்பிள டாக்டரா?"

இந்தப் பேச்சை அப்படியே ஒரு பாடப்புத்தகத்தில் ஒட்டிவிடலாம். 1950களில் அமெரிக்காவில் காசநோய்க்கான எக்ஸ்ரே வண்டி தெருவுக்கே வந்து நின்றது. காசும் கிடையாது. அப்படியும் கூட்டம் சேரவில்லை. ஏன் என்று பார்க்கப் புறப்பட்ட ஹோக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய சமூக உளவியலாளர்கள் ஒருவர் மனதுக்குள் நடக்கும் கணக்கை எழுதிவைத்தார்கள். இந்த நோய் எனக்கு வருமா? வந்தால் எவ்வளவு மோசம்? போனால் என்ன லாபம்? போவதில் என்ன தொல்லை? இத்தனைக்கும் மேல், கையைப் பிடித்து எழுப்பிவிட ஏதோ ஒன்று வேண்டும். 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற தன்னம்பிக்கையை 1988இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். இந்தக் கணக்குக்குச் சுகாதார நம்பிக்கை மாதிரி என்று பெயர். தாதி அதைப் படித்திருக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். அந்தக் கணக்கைத் தொட்டுத்தான் பேசினார்.

ஆனால் இந்தக் கோட்பாட்டை இனவாரியாகப் பிரித்து எழுதுபவர்களிடம் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. மலாய்ப் பெண்ணுக்கு மார்க்கம் தடை, இந்தியப் பெண்ணுக்குக் கூச்சம் தடை, சீனப் பெண்ணுக்கு அபசகுனப் பயம் தடை என்று ஆளுக்கொரு பெட்டி செய்துவிடுகிறார்கள். இந்த வரிசையில் உட்கார்ந்து கேட்டால் தெரியும்: மூன்று பெட்டியிலும் கிடப்பது கால் அகட்டிப் படுக்க வேண்டிய அந்தக் கட்டில், கால்மாட்டில் விளக்கு, முன்பின் தெரியாத ஒரு கை. 1969 முதலே இந்த நாட்டில் பாப் ஸ்மியர் என்ற கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை உண்டு. கட்டிலை மாற்றாமல், கட்டிலுக்கு வராத பெண்களின் மனதை மாற்றத்தான் இத்தனை காலம் துண்டறிக்கை அடித்தோம்.

கட்டிலே வேண்டாம் என்று 2018இல் மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் வி.சி.எஸ். அறக்கட்டளையும் சேர்ந்து 'ரோஸ்' திட்டத்தைத் தொடங்கின. பெண்ணே தன் மாதிரியை எடுத்துத் தருவாள், ஆய்வகத்தில் எச்.பி.வி. கிருமியின் மரபணுவைத் தேடுவார்கள். முடிவு கைபேசிக்கு வரும். கிருமி இல்லையென்றால் ஐந்து வருடம் நிம்மதி.

தாதியின் கையில் இருப்பது அதுதான். மூடியோடு ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே குச்சி. "காது குடையற பஞ்சுக் குச்சிதான்க்கா, கொஞ்சம் நீளம். டாய்லெட்ல நின்னுக்கிட்டே எடுக்கலாம். உள்ள விட்டு மெல்லச் சுத்திட்டு, திரும்ப இதுலயே போட்டு மூடிடுங்க." ஒருமுறை திறந்து மூடியும் காட்டினார். அக்கா பார்த்தார், கை நீட்டவில்லை.

நீட்டியது பக்கத்து மலாய்க்காரர். கைப்பையை அக்காவின் மடியில் வைத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் போனார். ஒலிபெருக்கி நாலைந்து நம்பர் கூப்பிடுவதற்குள் குழாயை ஆட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"சாக்கிட் கா?" வலிக்குதா என்று அக்கா கேட்டார்.

"தாக் லா!" இல்லவே இல்லையாம்.

அவ்வளவுதான். அக்கா எழுந்தார். மடியில் இருந்த இரண்டு பைகளும் மலாய்க்காரரின் மடிக்குப் போயின.

தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தால் தனக்கும் துணிவு வரும் என்று உளவியலாளர் பண்டூரா சொன்னதை வைத்து, இந்தியப் பெண்களுக்கு இந்தியப் பெண்ணையே பேசவிட வேண்டும் என்று திட்டம் போடுகிறார்கள். தப்பென்று சொல்லமாட்டேன், தாதி தமிழில் பேசியிராவிட்டால் 'ஆம்பிள டாக்டரா' வெளியே வந்திருக்காது. ஆனால் எழுப்பிவிட்டது அந்தச் சாம்பல் நிறச் சட்டை. ஒரே ஷிப்ட், ஒரே மேற்பார்வையாளரின் ஏச்சு. 'தன்னைப் போன்ற' என்றால் எதில் போன்ற என்று எந்தப் படிவத்திலும் கேட்பதில்லை.

அக்கா திரும்பி வந்தார். தாதி கைபேசி எண்ணைக் கேட்டார். அக்கா மகனின் எண்ணைச் சொல்லத் தொடங்க, பேனா பாதியில் நின்றது.

"முடிவு இந்த நம்பருக்குத்தான் வரும். பரவாயில்லையா?"

உடலுறவில் தொற்றும் கிருமி. அதன் பெயரைத் தாங்கி ஒரு குறுஞ்செய்தி மகனின் கைபேசிக்குப் போகும். அக்கா யோசித்தார். பிறகு தோழியின் காதில் ஏதோ கேட்டார். தோழி தன் எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்ல, தாதி எழுதிக்கொண்டார்.

"கிருமி இருக்குன்னு வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும்க்கா. அங்க கட்டில், விளக்கு எல்லாம் இருக்கும். பொம்பள டாக்டர்தான்னு என்னால சொல்ல முடியாது."

"அதை அப்பப் பாத்துக்கலாம். பகல் ஷிப்ட் வர்ற வாரத்துல மட்டும் தேதி போட்டுடாதீங்க மிஸ்ஸி, லீவு கிடைக்காது" என்றார் அக்கா.