'சாம்' என்போமா, 'பிசால்ம்' என்போமா?

சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வளர வளர, பழைய மாமல்லபுரம் சாலையோரப் பங்குகளில் ஆங்கிலத் திருப்பலியின் தேவையும் வளர்ந்தது. பிற மாநில இளைஞரோடு நம் ஊர்ப் பிள்ளைகளும் வாசக மேடையேறுகின்றனர். முதல் வாசகம் முடிந்து, பதிலுரைப் பாடலை ஆங்கிலத்தில் அறிவிக்கும்போதுதான் சிலருக்கு நா தடுமாறுகிறது. எழுத்தைப் பார்த்தால் 'பிசால்ம்'. ஒலிக்க வேண்டியதோ 'சாம்'. பின் வரிசையில் மெல்லிய சிரிப்பு எழுகிறது. அடுத்த ஞாயிறு வாசிக்க அழைத்தால் அப்பிள்ளை வர மறுக்கிறது.

சொல்லின் வரலாற்றை அறிந்தோர் சிரிக்கமாட்டார். யாழின் நரம்பை மீட்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து பிறந்த சொல் இது. கிரேக்கத்தில் 'ப்ஸ்' என்னும் ஒலிக்குத் தனி எழுத்தே உண்டு. செருமானியரும் பிரெஞ்சுக்காரரும் இன்றும் முதலிலுள்ள பகரத்தை ஒலிக்கின்றனர். ஆங்கிலேயரோ அதை ஏட்டில் காத்து நாவில் விட்டுவிட்டனர். இடையிலுள்ள லகரத்தை அமெரிக்கருள் பலர் ஒலிப்பதும் உண்டு. ஆகவே எழுத்தைக் கூட்டிப் படிக்கும் பிள்ளை உளறவில்லை. கண்ட எழுத்துக்கு உண்மையாயிருக்கிறது.

அதற்காகத் திருத்தாமல் விடலாமா? கூடாது. இறைவார்த்தை கேட்போர் செவியில் தெளிவாக விழவேண்டும். யோபு நூலின் ஆங்கிலப் பெயரும் அவ்வாறே. வேலையைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளே அதற்கும் உள்ளன. எனினும் 'ஜோப்' என்று நீட்டியே ஒலிக்கவேண்டும். இவற்றைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை. எவ்வாறு சொல்லிக்கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

உச்சரிப்பை வைத்து மனிதரை அளந்த கொடுமையை நீதித்தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. யோர்தான் துறையில் காவல் நின்ற கிலயாதியர், கடக்க வந்தோரை 'ஷிபோலத்து' என்று சொல்லச் செய்தனர். 'சிபோலத்து' என்றவரை எப்ராயிமர் என அறிந்து கொன்றனர். அன்று மடிந்தோர் 42,000 பேர். 'ஷ' வராத நம் பாட்டிமார் அத்துறைக்குச் சென்றிருந்தால் கரையேறியிருப்பார்களா?

பேதுருவையும் அவரது கலிலேயப் பேச்சே முற்றத்தில் காட்டிக்கொடுத்தது. ஆயினும் பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமில் முதல் மறையுரை ஆற்ற ஆவியார் தேர்ந்துகொண்டது அதே நாவைத்தான்.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'திருப்பாடல்' என்ற பின்னும், நம் முதியோர் 'சங்கீதம்' என்றே சொல்கின்றனர். அதைக் கேட்டு எவரும் நகைப்பதில்லை. அதே பொறுமையைப் பிள்ளைகளுக்கும் காட்டுவோம். திருப்பலிக்கு முன்பே தனியே அழைத்து, இருமுறை வாசிக்கச் செய்து, அன்போடு திருத்துவோம். மேடையில் மீண்டும் தவறினாலும் பாடலின் பதிலை உரத்துச் சொல்லித் துணைநிற்போம். நம் கோவில் இருக்கைகள் எவருக்கும் யோர்தான் துறையாகிவிடக்கூடாது.