பக்கத்தில் யார்?

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் எங்கள் டீமில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "வீக்எண்ட் என்ன படம் பாத்தீங்க? எப்படி இருக்கு?" பதில் நாலு சொல்லுக்குள் முடிய வேண்டும். சூப்பர். ஒரு தடவை பாக்கலாம். செகண்ட் ஹாஃப் லேக். டிபன் பாக்ஸை மூடுவதற்குள் பேச்சு அடுத்த ரிலீஸுக்குப் போய்விடும். படத்தின் ரிலீஸ் இல்லை, எங்கள் சாஃப்ட்வேரின் ரிலீஸ்.

எனக்கு இந்த நாலு சொல் பதில் வர வர சிரமமாகிறது. "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்பது எங்கள் தொழிலின் ஆதிகாலத்துச் சாக்கு. கோட் ஒன்றுதான்; அது ஓடும் சூழல் மாறினால் நடத்தையும் மாறும். படங்களும் இப்படித்தான் என்று தோன்றுகிறது. சமீபத்தில் ஓடிடியில் நாலு படம் பார்த்தேன். நாலைந்து வருடம் முன்பு வந்தவை கூட இல்லை, எல்லாம் 2023, 2024 படங்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வருகிறது. கதை தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கேயும் போகாது.

'மெய்யழகன்' அப்பாவோடு பார்த்தது. '96' எடுத்த பிரேம்குமாரின் படம். சொத்துத் தகராறில் வீட்டை இழந்து 1996இல் தஞ்சாவூரை விட்டுப் போன குடும்பத்தின் மகன் அருள்மொழி. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, தங்கை முறையாகும் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒருவர் "அத்தான், அத்தான்" என்று விழுந்து விழுந்து கவனிக்கிறார். அவர் யாரென்று அருளுக்குத் தெரியவில்லை. பெயரைக் கேட்கவும் கூச்சம். மொத்தப் படமும் இந்த ஒரு முடிச்சில்தான் தொங்குகிறது. நீளம் என்று புகார் வந்து, ரிலீஸுக்குப் பிறகு பதினெட்டு நிமிடம் போல வெட்டினார்கள். கார்த்தி பாத்திரத்தின் நல்லதனம் எனக்குச் சில இடங்களில் திகட்டியது. அரவிந்த்சாமியின் சங்கடம்தான் படத்தைத் தரையில் நிறுத்துகிறது. பெயர் தெரியாமல் சிரித்துச் சமாளிக்கும் அந்த முகத்தை ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் நாம் எல்லோரும் போட்டிருப்போம்.

எங்களுக்கும் ஊரில் ஒரு வீடு இருந்தது. பாகப்பிரிவினையில் போனது. அதற்குப் பிறகு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு இல்லை. படத்தில் அருள் ஊரில் விட்டுப் போன பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தின் பிழைப்பையே மாற்றியிருக்கும். அந்த இடத்தில் அப்பா என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினார்.

"பெரியவன் என்னை டபுள்ஸ் வச்சுதான்டா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவான். அஞ்சு கிலோமீட்டர். ஒரு நாள்கூட என்னை மிதிக்கச் சொன்னதில்ல."

பெரியப்பாவைப் பற்றி அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அப்புறம் "ம், போடு" என்று ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். போன் பண்ணிப் பேசவில்லை. இன்றுவரை இல்லை. ஒரு படம் பார்த்துக் குடும்பங்கள் சேர்ந்துவிடும் என்றால், விக்ரமன் படங்கள் ஓடிய தொண்ணூறுகளிலேயே தமிழ்நாட்டின் சொத்து வழக்குகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். திகட்டுகிறது என்கிற என் அபிப்பிராயமும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வெட்டிய பதினெட்டு நிமிடத்துக்காகக் கொஞ்சம் வருத்தப்படுகிறேன். சில பேருக்குச் சைக்கிள் ஞாபகம் வர அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

'கொட்டுக்காளி' அம்மாவோடு. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. இது இரண்டாவது. வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் பாண்டியும் உறவுக்கூட்டமும் ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். பலி கொடுக்க ஒரு சேவலும் உடன் வருகிறது. பின்னணி இசை கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், தொண்டை கட்டிய சூரியின் கரகரப்பு, அவ்வளவுதான். அன்னா பென் படம் முழுக்க அநேகமாகப் பேசுவதே இல்லை.

அம்மா சீரியல் ரசிகை. பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வழியில் ஒரு மாடு மறித்துக்கொண்டு நிற்கும். இத்தனை ஆம்பளைகளும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சர்வ சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். அம்மா சத்தமாகச் சிரித்தார். மீனா ஏன் வாயே திறக்க மாட்டேன்கிறாள் என்று அப்பா கேட்டதற்கு, "பேசி என்ன ஆகப்போகுது, அதான் பேசல" என்றார்.

பாண்டி சாமியார் செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகு என்ன முடிவெடுத்தான் என்று சொல்லாமலேயே படம் முடிகிறது. எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. அம்மாவிடம் கேட்டேன், "பாண்டி மனசு மாறியிருப்பானாம்மா?"

"மாறுனா என்ன, மாறலைன்னா என்ன? அவளை யாரு கேட்டா?"

படம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அந்தக் கதவின் சாவி அப்போதும் பாண்டியின் கையில்தான் இருக்கிறது. இயக்குநருக்கும் இது தெரிந்திருக்கும், அதனால்தான் அங்கே நிறுத்தினார் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு அதைப் புரிந்துகொள்ள எந்த விழாவின் விருதும் தேவைப்படவில்லை.

பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' மனைவியோடு பார்த்தது. 2024 கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய படம். முப்பது வருடத்துக்குப் பிறகு அங்கே போட்டிப் பிரிவுக்குப் போன இந்தியப் படமும் கூட. மும்பையில் நர்ஸாக இருக்கும் பிரபாவுக்கு, ஜெர்மனியில் இருந்துகொண்டு பேசாமல் போன கணவனிடமிருந்து ஒரு ரைஸ் குக்கர் வருகிறது. கடிதம் இல்லை. ராத்திரி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரை அவள் கட்டிக்கொள்கிறாள். கனி குஸ்ருதி அந்தக் காட்சியில் அழுதிருந்தால் படம் அங்கேயே சாதாரணமாகியிருக்கும். கடலோர ஊருக்குப் போன பிறகு வரும் பகுதி எனக்கு முழுதாக ஒட்டவில்லை. மும்பையின் நெரிசலில் இருந்த உயிர் அங்கே கொஞ்சம் கவிதையாகிவிடுகிறது.

மனைவிக்குக் குக்கர் பெரிதாகப் படவில்லை. ஆஸ்பத்திரியில் சமையல் வேலை செய்யும் பார்வதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவன் செத்துப்போனான், பில்டர் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறான், அங்கே வாழ்ந்ததற்கு அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. படுக்கப் போகும்போது கேட்டாள். "அத்தை பேர்ல என்ன இருக்கு?"

யோசித்தேன். கேஸ் கனெக்‌ஷன் அப்பா பேரில். ஊரில் இருந்த வீடு தாத்தா பேரில். இந்த ஃப்ளாட் எங்கள் இருவர் பேரில், இன்னும் பதினாலு வருடம் பேங்க் பேரிலும். அம்மா பேரில் ரேஷன் கார்டு இருக்கிறது.

விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' தனியாகப் பார்த்தது. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிரயாமா. காலையில் செடிக்குத் தண்ணீர், வேனில் கேசட் பாட்டு, மதியம் மரத்தடியில் சாப்பாடு. கை எட்டாத அடிப்பக்கத்தைச் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் துடைக்கிறார். கோஜி யாகுஷோவுக்கு 2023இல் கானில் சிறந்த நடிகர் விருது. கடைசியில் வேன் ஓட்டிக்கொண்டே அவர் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் போய்ப் போய் வரும் அந்த நீண்ட ஷாட்டுக்காக மட்டுமே அதைக் கொடுக்கலாம். நாலில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அடுத்த நாளே மறுபடி பார்த்தேன்.

இரண்டாவது தடவை ஒரு காட்சி உறுத்தியது. டிரைவர் வைத்த காரில் வரும் ஹிரயாமாவின் சகோதரி, நிஜமாகவே கழிப்பறைதான் கழுவுகிறாயா என்று கேட்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். வசதியான குடும்பத்திலிருந்து விலகி, இந்த வாழ்க்கையை அவரே தேர்ந்தெடுத்தார் என்று அங்கே நமக்குப் புரிகிறது. படத்தின் அழகு முழுவதும் அந்தத் தேர்வின் மேல் நிற்கிறது. நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம்; பிறந்த தெருவைக் கேட்டால் போதும். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் வீடுகளுக்குத் திவ்யபாரதி தன் கேமராவோடு போனார். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் அந்த வீடுகள் இருக்கின்றன. வெண்டர்ஸ் ஜப்பானைப் பற்றித்தான் எடுத்தார், அவர் மேல் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. படம் இப்போதும் பிடித்தே இருக்கிறது.

ஆனால் அதை யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டால், 'கக்கூஸ்' படத்தில் வந்தவர்களில் ஒருவரோடு என்பேன். எந்த இடத்தில் அவர் ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்துவார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.