சிங் அங்கிளும் ஹெல்மெட்டும்

"சிங் அங்கிள் மட்டும் ஹெல்மெட் போடாம மோட்டார்ல போறாரே, போலீஸ் பிடிக்காதா?" சுங்கை பட்டாணி சாலையில் மகன் கேட்டான். பிடிக்காது, தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு மலேசியச் சட்டத்தில் விலக்கு உண்டு.

அதற்காக, கட்டாதவர் சீக்கியரே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். தோட்டத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு இந்த நினைப்பு உண்டு. 1974இல் அலோர் ஸ்டாரில் வென்று கெடா சட்டமன்றம் போன கர்ப்பால் சிங், தலைப்பாகை இல்லாமல்தான் அரசியல் செய்தார். அவருடைய மகன் கோபிந்த் சிங் டியோ கட்டுகிறார். 2018இல் நாட்டின் முதல் சீக்கிய அமைச்சர் ஆனார். அமிர்தம் ஏற்றுத் தீட்சை பெற்ற சீக்கியர் முடி வெட்டக்கூடாது. மற்றவர்கள் பலவிதம். (எங்கப்பா தினமும் திருநீறு பூசுவார், நான் தீபாவளிக்குத்தான். யாரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை.)

சீக்கியர் கோயிலான குருத்துவாராவுக்குப் போனால் தலையை மூடிக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தலைப்பாகையைத் தொட்டுப் பார்க்க மட்டும் கேட்காதீர்கள்.