எண்ணெய்யில் மிச்சம் பிடிக்காதவர்கள்

கோவளத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஓடும் கடற்கரை நடைபாதையில், மீன் பொரிக்கும் உணவகங்களுக்கும் துணிக்கடைகளுக்கும் நடுவே ஆயுர்வேதப் பலகைகள் தொங்குகின்றன. அபியங்கம், சிரோதாரை, பிழிச்சில், ஞவரக்கிழி, எதிரே விலை. சில பலகைகளுக்குக் கீழே ஒரு பையன் நின்றுகொண்டு, "மசாஜ் சார், நல்ல ரேட்" என்று போவோர் வருவோரையெல்லாம் கூப்பிடுகிறான். கூப்பிட ஆள் வைக்காத இடங்களும் உண்டு. நடைபாதையிலிருந்து மேட்டுக்கு ஏறும் சந்துகளில், தென்னைகளுக்கு இடையில், குடும்பங்கள் வந்து தங்கும் சிறிய ஹோட்டல்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றின் பின்கட்டில் எண்ணெய் அறைகள் இரண்டு. ஒன்று பெண்களுக்கு, மற்றது ஆண்களுக்கு.

கோவளத்தில் பணக்காரக் கோவளமும் சிக்கனக் கோவளமும் ஒரே காலத்தில் பிறந்தவை. சார்லஸ் கொரியா வடிவமைத்த அரசு ஹோட்டல் 1970களில் குன்றின்மேல் எழுந்தபோது, கீழே மணலில் ஹிப்பிகள் வந்து இறங்கி, மீனவர் வீடுகளில் குறைந்த வாடகைக்குத் தங்கினார்கள். அரசு ஹோட்டல் பிறகு தனியாரிடம் போய்ச் சொகுசு விடுதியாகிவிட்டது. கீழே வாடகைக்கு விடும் வழக்கம் வளர்ந்து, மாடி எழுப்பி, இன்றைய சந்து ஹோட்டல்களாகியிருக்கிறது. இவற்றின் மொட்டை மாடியில் நின்றால், 2025 மே மாதம் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்கள் தெரிகின்றன.

பின்கட்டில் எண்ணெய் அறைகள் உள்ள அந்தச் சந்து ஹோட்டலில் ஒரு மணி நேர அபியங்கத்துக்கு 1,500 ரூபாய். பெரிய விடுதிகளில் அதே ஒரு மணி நேரத்துக்குப் பல மடங்கு ஆகும். எதைக் குறைத்து இந்த விலைக்கு வருகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே போயிருந்தேன்.

அறைக்குள் நுழைந்தால் குறைத்தது எது என்று கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. பூ மிதக்கும் உருளி இல்லை. ஊதுவத்தி இல்லை, குழலிசை இல்லை. வெள்ளைச் சுவர், சிவப்புத் தரை, ஒட்டினாற்போல் ஒரு குளியலறை. நடுவில் ஒரே மரத்தில் குடைந்தெடுத்த நீளப் படுக்கை. எண்ணெய் வெளியே வழியாமலிருக்க ஓரம் உயர்த்தி, வடிந்து சேரக் கால்மாட்டில் ஒரு துளை விட்டிருக்கிறார்கள். இதைப் பாத்தி என்கிறார்கள். பழைய வைத்தியசாலைகளில் பாத்திக்குக் காஞ்சிர மரத்தை, அதாவது நம் எட்டி மரத்தை, விரும்புவார்கள். இங்கே இருப்பது வேறு மரம். வருடக்கணக்காக எண்ணெய் குடித்துக் கறுத்துப் போயிருக்கிறது.

முதலில் வைத்தியர். ஆயுர்வேதப் பட்டம் பெற்ற இளம்பெண். காலை வேளைகளில் இந்த ஹோட்டலிலும் பக்கத்து ஹோட்டல்களிலும் மாறி மாறி உட்காருகிறார். அன்று அவர் முன்னால் இருந்தது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி.

"கால மடக்க முடியல தாயி. மாடிப்படி ஏறுனா மளுக் மளுக்குனு சத்தம் கேக்கு" என்றார் பாட்டி.

சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டா, முட்டியில் அறுவை சிகிச்சை ஏதும் நடந்ததா, காலையில் சாப்பிட்டது எப்போது என்று வைத்தியர் ஒவ்வொன்றாகக் கேட்டார். முட்டி சிவந்திருக்கிறதா, சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். ரத்த அழுத்தத்தை அளந்துவிட்டு, முட்டிக்கு மட்டும் இலைக்கிழி, ஆவிக்குளியல் வேண்டாம் என்று எழுதினார். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. "காசு குடுக்கோம்லா, அதையும் செய்யச் சொல்லும்மா" என்று மருமகளைப் பார்த்தார். வைத்தியர் சிரித்தாரே தவிர சீட்டை மாற்றவில்லை. காய்ச்சல் இருந்தால், அஜீரணம் இருந்தால், வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் எண்ணெய்யே வைக்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை விதி. வருமானம் போனாலும் வேண்டாம் என்று சொல்ல ஒருவர் இருப்பதுதான் இந்த அறையின் முதல் தகுதி.

கிழி கட்டும் வேலை பின்பக்கச் சமையல்மேடையில் நடந்தது. செய்தவர் களியக்காவிளை தாண்டி, குழித்துறைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் தினமும் வேலைக்கு வருகிற பெண். திருவனந்தபுரத்தில் ஒரு வருடச் சிகிச்சையாளர் படிப்பு முடித்தவர். பாட்டியிடம் தமிழ், வைத்தியரிடம் மலையாளம், வெளிநாட்டாரிடம் எண்ணி வைத்த இருபது முப்பது ஆங்கிலச் சொற்கள். எருக்கு, நொச்சி, ஆமணக்கு, முருங்கை, புளி ஆகியவற்றின் இலைகளைப் பொடியாக அரிந்து, தேங்காய்த் துருவலும் எலுமிச்சைத் துண்டுகளும் சேர்த்து, வாணலியில் எண்ணெய் விட்டு நிறம் மாறும்வரை வறுத்தார். ஆறியதும் சதுரத் துணியில் கொட்டி, நான்கு முனையையும் கூட்டிச் சுருட்டி, கைப்பிடி நிற்கும்படி நூலால் இறுக்கினார். இரண்டு கிழிகள். ஒன்று முட்டியில் இருக்கும்போது மற்றது சட்டியில் சூடேறிக்கொண்டிருக்கும்.

பாட்டியின் சம்மதத்தோடு கூடவே நின்று பார்த்தேன். கிழியைச் சட்டியிலிருந்து எடுத்ததும் அந்தப் பெண் முதலில் தன் புறங்கையில் ஒற்றிப் பார்க்கிறார். அடுத்துப் பாட்டியின் புறங்காலில் லேசாக ஒரு தொடல். "சூடு கூடுதலா இருந்தா சொல்லணும் பாட்டி, பொறுத்துக்கிட்டு இருக்கப்படாது." அதற்குப் பிறகுதான் முட்டிக்குப் போகிறார். முதலில் வேகமாக ஒற்றி எடுப்பது, சூடு தணியத் தணிய நிதானமாக அழுத்துவது, ஆறிவிட்டால் மாற்றுவது. முட்டிச் சிப்பியின்மேல் அழுத்தமே விழவில்லை. அதைச் சுற்றித்தான் கை போயிற்று. கடிகாரத்தை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. பாட்டி இரண்டாவது கிழியிலேயே தூங்கிவிட்டார்.

உடம்பு முழுக்க எண்ணெய் தேய்க்கும் அபியங்கத்துக்கும் இப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறது. எண்ணெய்யை நேரடியாகத் தீயில் வைப்பதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை இறக்கிச் சூடாக்குகிறார்கள். கை கால்களில் நீளவாக்கில் கை ஓடும், மூட்டுகளில் வட்டமாகச் சுழலும். முறைப்படி உட்காரவைத்து, மல்லாத்தி, பக்கவாட்டில் சாய்த்து, குப்புறப் படுக்கவைத்து ஏழு நிலைகளில், இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று ஒரே தாளத்தில் செய்ய வேண்டும். இங்கே ஒருவர்தான்; நிலைகளும் சுருங்கிவிட்டன. முடிந்ததும் எண்ணெய்ப் பிசுக்கு போகப் பயற்றமாவு. இஞ்ச என்று மலையாளத்தில் சொல்லும் கொடியின் பட்டையைத் தட்டி நாராக்கி, தேய்த்துக் குளிக்கவும் தருகிறார்கள். குளித்து வந்தவர்களின் உச்சியில் நீர் கோக்காமலிருக்க ராஸ்னாதிப் பொடியை ஒரு சிட்டிகை வைத்துத் தேய்த்துவிடுகிறார்கள்.

ஆவிப்பெட்டிதான் இந்த அறையின் சிக்கனத்துக்கு நல்ல உதாரணம். உட்கார்ந்தவரின் தலை மட்டும் வெளியே தெரியும் மரப்பெட்டி. அதற்கு ஆவி வருவது வீட்டுச் சமையலறையில் இருப்பது போன்ற பிரஷர் குக்கரிலிருந்து. வெயிட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையைப் பெட்டிக்குள் விட்டிருக்கிறார்கள். குக்கருக்குள் மூலிகைத் தண்ணீர் கொதிக்கிறது. கேரளத்தின் சிறு மையங்கள் பலவற்றில் இதே ஏற்பாடுதான்.

எண்ணெய்யில் மட்டும் கை இறுகவில்லை. அலமாரியில் தன்வந்தரம், க்ஷீரபலா, கொட்டஞ்சுக்காதி, முறிவெண்ணெய் எல்லாம் பெயர்பெற்ற வைத்தியசாலைகளின் முத்திரையோடு நிற்கின்றன. 1902இல் பி.எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலையின் புட்டிகளும் அவற்றில் உண்டு. ஓர் அபியங்கத்துக்கு நூறு முதல் நூற்றைம்பது மில்லி செலவாகும். ஒருவர் உடம்பிலிருந்து வடிந்ததை இன்னொருவருக்கு எடுப்பதில்லை. லிட்டர் கணக்கில் எண்ணெய்யும் இரண்டு ஆட்களும் கேட்கிற பிழிச்சிலை முன்கூட்டிச் சொன்னால் மட்டுமே செய்கிறார்கள். விலையை இன்னும் இறக்கும் இடங்களில் என்ன நடக்கிறது என்று ஆண்கள் பக்கத்தில் வேலை செய்பவரிடம் கேட்டேன். "வெறும் நல்லெண்ணெய்ய ஊத்தி மருந்தெண்ணெய்னு சொல்லுவாங்க. இல்லேன்னா ஒரு மணிக்கூர்னு சொல்லி நாப்பது நிமிஷத்துல எழுப்பி விட்ருவாங்க அக்கா" என்றார்.

அவர் விளவங்கோட்டுக்காரர். தாத்தா களரி ஆசான்; வர்மமும் பார்த்தவர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து பிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்த அந்தத் தாலுகாக்களில் களரியும் வர்ம வைத்தியமும் பிரிக்க முடியாதவை. உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி, தரையில் படுத்திருப்பவரின் உடம்பில் பாதத்தால் எண்ணெய் தேய்க்கும் சவிட்டி உழிச்சிலை அவர் தாத்தாவிடம் கற்றார். களரி மாணவர்களுக்கும் கதகளி மாணவர்களுக்கும் உடம்பு வளைவதற்காகச் செய்வது அது. சுற்றுலா வந்தவர்களுக்கு அவர் அதைச் செய்வதில்லை. கால் எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பது எதிராளியின் உடம்பைப் பல நாள் பழகினால்தான் பிடிபடும் என்கிறார்.

இந்த வேலைக்கு உடம்புதான் முதலீடு. மோதிரமோ வளையலோ போட முடியாது. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெருவிரலால் அழுத்தி அழுத்தி ஒரு சீசனிலேயே மணிக்கட்டு வலி வாங்கிக்கொள்கிறார்கள். பழகியவர்கள் முன்வைத்த காலை மடக்கி, உடம்பின் எடையை உள்ளங்கை வழியாக இறக்குகிறார்கள். எண்ணெய் சிந்திய தரையில் வழுக்காமல் நிற்க வேண்டும். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் பாத்தியை வெந்நீர் விட்டுத் துடைக்க வேண்டும். அறைக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. கேரளத்தில் வேலை செய்பவர்களுக்கு நாற்காலி சும்மா வந்ததில்லை. கோழிக்கோட்டின் துணிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு போராடிய பிறகே, 2018இல் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, வேலை நேரத்தில் உட்காரும் உரிமை கிடைத்தது. தமிழ்நாடு 2021இல் அதே வழியில் சட்டம் திருத்தியது.

வருமானம் பருவத்தைப் பொறுத்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டார். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக்கு வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள். ஜூனில் மழை பிடித்ததும் கடற்கரை காலியாகிறது. ஆனால் எண்ணெய்ச் சிகிச்சைக்கு உகந்த காலம் என்று கேரளம் நம்புவது அந்த மழையைத்தான். ஜூலை நடுவில் பிறக்கும் கர்க்கடக மாதத்தில் உள்ளூர் மலையாளிகள் மருந்துக்கஞ்சி குடித்து, பத்தியம் இருந்து, நாள் கணக்கில் சிகிச்சை எடுக்கிறார்கள். அவர்கள் போவது வைத்தியசாலைகளுக்கு. கடற்கரை ஹோட்டல்களுக்கு அல்ல. அதனால் கிழி கட்டிய பெண் மழைக்காலத்தில் ஊரில் பிரசவம் ஆன வீடுகளுக்குப் போய்த் தாய்மாருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்.

அரசும் சும்மா இருக்கவில்லை. ஆயுர்வேத மையங்களுக்கு உரிமம் வழங்க 2007இல் கேரளம் தனிச் சட்டமே இயற்றியது. சுற்றுலாத் துறை மையங்களைத் தரம்பிரித்துச் சான்று தருகிறது. தகுதி பெற்ற வைத்தியர் இருக்க வேண்டும், பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணுமே சிகிச்சை செய்ய வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் முக்கியமானவை. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு, உடல்நலம் பேணும் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதும் சிறு ஹோட்டல்களுக்கு உதவிதான்.

கோவளத்துக்கோ வேறு கடற்கரைக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள், பாத்தியில் படுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வைத்தியர் யார், எப்போது வருவார்? எந்த எண்ணெய், புட்டியைக் காட்ட முடியுமா? ஒரு மணி நேரம் என்பது குளியலைச் சேர்த்தா, சேர்க்காமலா? பதில் தயங்கி வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பதில் நேராக வந்தால் பேரம் பேசாதீர்கள். அங்கே குறைக்க இனி மிச்சம் இருப்பது எண்ணெய்யும் தேய்ப்பவரின் கூலியும்தான். அன்பளிப்புக் கொடுப்பதானால் வரவேற்பறையில் கொடுக்காமல், எண்ணெய் தேய்த்த கையிலேயே கொடுங்கள்.